ஒரே வீட்டில் ஜிபிஎஃப்பும் என்பிஎஸ்ஸும்: ஓர் அரசு ஊழியர் தம்பதியின் ஆண்டுப் பிடித்தக் கணக்கு, 2024 முதல் 2026 வரை

நான் மத்திய அரசுத் துறை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கூட வேலை பார்த்தவர்கள் இப்போதும் சம்பள ரசீதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அப்படி வந்த ஒரு தம்பதியின் கணக்கு இது. அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன், தொகைகளில் சிலவற்றை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

பின்னணி

இருவரும் சென்னையில் மத்திய அரசு ஊழியர்கள். கணவர் 1998-ல் பணியில் சேர்ந்தவர். அதனால் பழைய ஓய்வூதியம், ஜிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி). மனைவி சேர்ந்தது 2008-ல். 2004 ஜனவரி 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு (முப்படையினர் நீங்கலாக) என்பிஎஸ் எனும் தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். ஆக ஒரே கூரையின் கீழ் இரண்டு விதமான சேமிப்பு. அவற்றின் விதிகளில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது.

2024 மார்ச்சில் கணவருக்கு வயது 53, அடிப்படை ஊதியம் 91,100. மனைவிக்கு 43, அடிப்படை ஊதியம் 60,400. மூத்த மகள் பதினொன்றாம் வகுப்பை முடிக்கும் நேரம். 2025 ஜூனில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். வீட்டுக் கடன் இருவர் பெயரிலும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுச் செலவும் தவணையும் மனைவி சம்பளத்தில், சேமிப்பு கணவர் சம்பளத்தில் என்று கல்யாணமான நாளிலிருந்தே ஓர் ஏற்பாடு. பல வீடுகளில் பார்த்ததுதான்.

கணவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பொண்ணு காலேஜுக்கு ஜிபிஎஃப்ல எவ்வளவு எடுக்கலாம் சார்?"

2024 மார்ச் 31, ஞாயிறு

அன்று காலை இருவரும் வந்தார்கள். கையில் ஒரு பச்சை ஃபைல். அதற்குள் மூன்று வருடச் சம்பள ரசீதுகள், ஜிபிஎஃப் ஆண்டுக் கணக்குத் தாள், பாரம் 16. மனைவியின் என்பிஎஸ் அறிக்கையும் இருந்தது. யாரோ அச்செடுத்துக் கொடுத்ததை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார்.

ஜிபிஎஃப்பில் ஏறக்குறைய 38 லட்சம் இருந்தது. பத்து ஆண்டு பணி முடித்தவர் பிள்ளைகள் படிப்புக்காக அதிலிருந்து திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத தொகையாகவே எடுக்கலாம். 2017-ல் விதிகளைத் தளர்த்திய பிறகு பெரிதாகச் சான்றும் கேட்பதில்லை. அவருடைய கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் சம்பள ரசீதுகளை வரிசையாக அடுக்கியபோது ஒன்று உறுத்தியது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மாதம் 60,000 பிடித்தம். டிசம்பரில் 20,000. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் ஒன்றுமே இல்லை. முந்தைய வருட ரசீதுகளும் அச்சாக அப்படியே.

அறுபதாயிரம் வந்த வழி

2020 ஏப்ரலிலிருந்து ஜிபிஎஃப் வட்டி 7.1 சதவீதம். வங்கி வைப்பு வட்டி இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. வரியில்லாத 7.1 நல்ல விஷயம்தான் என்று கணவர் பிடித்தத்தை மாதம் 60,000 ஆக்கினார். அன்றைக்கு அதில் தப்பு சொல்ல முடியாது. அடிப்படை ஊதியத்தில் குறைந்தது 6 சதவீதம் செலுத்த வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த வரம்பு. மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்பது அலுவலகத்தில் எல்லோரும் சொல்லும் பேச்சு.

அதற்குப் பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. முதலாவது, 2021 ஏப்ரலிலிருந்து ஓர் ஆண்டில் 5 லட்சத்துக்கு மேல் செலுத்தும் பகுதிக்கான வட்டிக்கு வருமான வரி. இரண்டாவது, 2022-ல் ஜிபிஎஃப் விதியே திருத்தப்பட்டு, நிலுவையும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சத்தைத் தாண்டிச் செலுத்தவே முடியாது என்றானது.

2021-22-ல் அவர் செலுத்தியது 7,20,000. வரம்பைத் தாண்டியது 2,20,000. இந்தத் தொகை தனிக் கணக்காக நிற்கும். அந்த ஒரு வருடத்தோடு விடாது, அதன் மேல் ஒவ்வொரு வருடமும் வரும் வட்டிக்கும் வரி உண்டு. 7.1 சதவீதத்தில் ஆண்டுக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல். ஓய்வு பெறும்வரை கூடவே வரும். இவர் இதைக் கணக்கில் காட்டியதில்லை. ஆண்டுக் கணக்குத் தாளில் அந்தப் பதிவு இருந்தது, கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

2022 கடைசியில் அலுவலகமே 5 லட்சத்தில் பிடித்தத்தை நிறுத்திவிட்டது. அடுத்த ஏப்ரலில் மீண்டும் 60,000. புதிய கடிதம் யாரும் கொடுக்காததால் சம்பளப் பில் பிரிவு பழைய தொகையையே ஓட்டியது. அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது.

சரி, வருடத்துக்கு எப்படியும் 5 லட்சம் போகிறது, எட்டு மாதத்தில் போனால் என்ன, பன்னிரண்டு மாதத்தில் போனால் என்ன என்று கேட்கலாம். கணவரும் அதைத்தான் கேட்டார். சீக்கிரம் போனால் வட்டி கொஞ்சம் கூடுதல்தானே என்றார். உண்மைதான், சில ஆயிரம் கூடும். ஆனால் டிசம்பர் முதல் மார்ச் வரை கையில் கூடுதலாக வந்த 2,20,000 என்ன ஆயிற்று என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வருடம் டிவியும் வண்டிக்கு முன்பணமும். இன்னொரு வருடத்துக்கு என்ன யோசித்தும் நினைவு வரவில்லை.

மார்ச் மாத ஐம்பதாயிரம்

மனைவியின் ஃபைலில் வேறு ஒரு கதை இருந்தது. 2016-17-லிருந்து ஒவ்வொரு மார்ச்சிலும் என்பிஎஸ்ஸில் சொந்தமாக 50,000 கட்டி வந்திருக்கிறார். 80சிசிடி(1பி) பிரிவில் கூடுதல் வரிவிலக்கு உண்டு என்று அலுவலகத்தில் யாரோ சொன்னது. எட்டு வருடத்தில் 4 லட்சம். 2023-24-க்கான தொகையை என்னிடம் வருவதற்கு மூன்று நாள் முன்புதான் கட்டியிருந்தார்.

சம்பளத்திலிருந்து கட்டாயமாகப் பிடிக்கும் 10 சதவீதத்திலிருந்தே அந்த 50,000-ஐ இந்தப் பிரிவில் காட்டலாம் என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய கட்டாயப் பிடித்தம் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 80சி பிரிவில் வரிக்குக் கழிக்கக்கூடிய 1.5 லட்சமோ காப்பீட்டுப் பிரீமியம் 36,000, வீட்டுக் கடன் அசல் 74,000, பள்ளிக் கட்டணம் 45,000 என்று என்பிஎஸ்ஸைத் தொடாமலே நிரம்பியிருந்தது. அப்படியானால் சம்பளப் பிடித்தத்தில் 50,000-ஐ 1பி-யில் காட்டியிருந்தாலே போதும், கையிலிருந்து எதுவும் போட்டிருக்க வேண்டாம். கட்டிய பணத்தால் கிடைத்த கூடுதல் வரிப் பயன் பூஜ்ஜியம். தொடக்கத்தில் சில ஆண்டுகள் 80சி முழுதாக நிரம்பவில்லை, அப்போது ஓரளவு பயன் இருந்திருக்கும். கடைசி ஐந்து ஆண்டுகளில் நிச்சயமாக இல்லை.

அந்தப் பணம் எங்கும் போய்விடவில்லை, அவர் கணக்கில்தான் வளர்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அது 2041-ல் அவர் ஓய்வு பெறும்வரை பூட்டிய பணம். நடுவில் எடுக்க வேண்டுமானால் அவருடைய சொந்தப் பங்களிப்பில் 25 சதவீதம் வரைதான், அதுவும் குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டும். ஓய்வு பெறும்போது குறைந்தது 40 சதவீதத்தை ஆயுள் ஓய்வூதியம் வாங்கப் போட வேண்டும்.

ஃபைலைப் புரட்டும்போது 2022 மார்ச் மாத ரசீது வந்தது. என்பிஎஸ் 50,000-க்கான ரசீது. அதோடு சேர்த்துக் குத்தியிருந்தது ஒரு நகைக்கடன் சீட்டு. அந்த வருடம் பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் வரியை மொத்தமாகப் பிடித்துவிட்டார்கள், கையில் பணமில்லை, கடைசித் தேதி நெருங்கியதும் இரண்டு வளையலை வைத்துக் கட்டினேன் என்றார் மனைவி. அதே மார்ச்சில் கணவர் சம்பளத்திலிருந்து 60,000 ஜிபிஎஃப்புக்குப் போயிருந்தது. அந்த அறுபதாயிரம் முழுக்க 5 லட்சத்துக்கு மேற்பட்ட, வட்டிக்கு வரி விழும் பகுதி.

இந்த இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதற்குமேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எடுத்த முடிவுகள்

நான் முதலில் சொன்னது, இரண்டு பேர் பிடித்தத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள் என்பதுதான். ஜிபிஎஃப் தேவைப்பட்டால் எடுக்கக்கூடிய பணம். என்பிஎஸ் எடுக்க முடியாத பணம். அடுத்த ஐந்து வருடத்துக்குள் கல்லூரிச் செலவு இருக்கிற வீட்டில் பூட்டிய பெட்டிக்குள் கூடுதலாகப் போட வேண்டிய அவசியம் என்ன? மனைவி அடுத்த மார்ச்சிலிருந்து 50,000 கட்டுவதில்லை என்று அங்கேயே முடிவானது.

அடுத்து வருமான வரி முறை: கழிவுகள் உள்ள பழைய முறையா, பெரும்பாலான கழிவுகள் இல்லாத புதிய முறையா என்பது. மனைவிக்கு 2024-25-ல் ஏறக்குறைய 14.15 லட்சம் வருமானம் வரும் என்று, ஜூலையில் அகவிலைப்படி 3 சதவீதம் ஏறும் என வைத்துக் கணக்குப் போட்டோம். என்பிஎஸ்ஸில் அரசு போடும் 14 சதவீதம் இதில் சேரவில்லை. அதை வருமானத்தில் சேர்த்து 80சிசிடி(2)-ல் கழித்துவிடுவார்கள், பழைய முறை, புதிய முறை இரண்டிலும் அது உண்டு. பழைய முறையில் நிலைக்கழிவு, தொழில் வரி, 80சி, 1பி, வீட்டுக் கடன் வட்டியில் அவர் பங்கு 1,20,000 எல்லாம் போக வரி 1,30,260. புதிய முறையில், அன்றைய விகிதப்படி, 1,27,920. வித்தியாசம் இரண்டாயிரத்துச் சொச்சம்.

இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்குப் பழக்கமான பழைய முறையிலேயே இருந்துவிடலாமே என்றார் கணவர். நான் புதிய முறையைச் சொன்னதற்குக் காரணம் அந்த இரண்டாயிரம் அல்ல. பழைய முறையில் இருக்கும்வரை மார்ச் வந்தால் "இன்னும் எங்கே போடலாம்" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். வரிக்காகப் பணம் போடும் பழக்கத்தை முதலில் விட வேண்டும் என்று நினைத்தேன்.

ஜிபிஎஃப்பை மாதம் 41,500 ஆக்குவது என்று தீர்மானித்தோம். பன்னிரண்டு மாதத்துக்கு 4,98,000. மாதாமாதம் மிஞ்சும் 18,500-ஐ சம்பளத் தேதிக்கு மறுநாளே வங்கியில் தொடர் வைப்பாகப் போடுவது, அது கல்லூரிக்கு மட்டும்.

கடைசியாக மனைவியின் என்பிஎஸ் எங்கே முதலீடாகிறது என்று பார்த்தோம். அரசு ஊழியர்களுக்குத் தானாக அமையும் திட்டத்தில் எல்ஐசி, எஸ்பிஐ, யுடிஐ ஆகிய மூன்று நிதி மேலாளர்களுக்கும் பணம் பிரிந்து போகும். பங்குகளில் அன்றைய வரம்பு 15 சதவீதம். 2019 ஏப்ரலிலிருந்து இதை மாற்றிக்கொள்ள உரிமை உண்டு: முழுக்க அரசுக் கடன் பத்திரம், அல்லது வயது ஏற ஏறப் பங்குகளின் அளவு குறையும் எல்சி-25, எல்சி-50 திட்டங்களில் ஒன்று. ஐந்து வருடமாக அந்த உரிமை இருப்பதே அவருக்குத் தெரியாது.

எல்சி-50 என்றால் பாதிப் பணம் பங்குச் சந்தைக்குப் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். 35 வயதுவரைதான் 50. அதன் பிறகு வருடத்துக்கு 2 சதவீதம் இறங்கும், 55-ல் 10. இவருடைய 43 வயதுக்கு 34 சதவீதம். எல்சி-25 எடுத்தால் இதே வயதில் 17, அதாவது இருந்ததற்கும் அதற்கும் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. இன்னொன்றும் உண்டு: 53 வயதானதும் எல்சி-50-ல் 14 சதவீதமாகி, பழைய 15-க்கும் கீழே போய்விடும். கணவருக்குப் பழைய ஓய்வூதியம் உறுதி. கடைசி ஊதியத்தில் பாதி, அவருக்குப் பிறகு மனைவிக்கு 30 சதவீதக் குடும்ப ஓய்வூதியம். அப்படி ஒரு தரை இருக்கும் வீட்டில் மனைவியின் கணக்கு கொஞ்சம் ஏற்ற இறக்கம் தாங்கலாம் என்பது என் கருத்து. மே மாதம் எல்சி-50-க்கு மாறினார்.

போகிற போக்கில் வாரிசு நியமனத்தையும் பார்க்கச் சொன்னேன். ஜிபிஎஃப்பில் கணவரின் தாயார் பெயர் இருந்தது. அவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

ஏப்ரல் 4-ஆம் தேதிக் கடிதம்

திட்டம் முதல் வாரத்திலேயே இடறியது. கணவர் ஏப்ரல் 4-ஆம் தேதி கடிதம் கொடுத்தார். அடுத்த ஆண்டுக்கான தொகையை மார்ச் 31-க்குள் தெரிவித்திருக்க வேண்டும், இப்போது கொடுத்தால் அது ஆண்டின் நடுவே குறைப்பதாகத்தான் ஆகும், அப்படி எழுதிக் கொடுங்கள் என்று பில் பிரிவு திருப்பி அனுப்பியது. விதி அப்படித்தான்: ஓர் ஆண்டில் இரண்டு முறை கூட்டலாம், ஒரு முறைதான் குறைக்கலாம். எனக்குத் தெரிந்த விதி. அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதே கெடு முடிந்துகொண்டிருந்தது, நான் யோசிக்கவில்லை.

அவர் கடிதத்தை மாற்றி எழுதிக் கொடுப்பதற்குள் ஏப்ரல், மே இரண்டு மாதமும் 60,000 போய்விட்டது. ஒரே ஒரு முறைதான் குறைக்க முடியும் என்பதால் சரியான தொகையைக் கேட்க வேண்டியிருந்தது. போனது 1,20,000, மீதி 3,80,000, மாதங்கள் பத்து. ஆகவே ஜூனிலிருந்து 38,000. வருடம் முடியும்போது சரியாக 5,00,000, ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தொடர் வைப்பு 22,000 ஆனது, பத்து மாதத்துக்கு.

ஜூலை முதல் மார்ச் வரை

ஜூலை 23 பட்ஜெட்டில் புதிய முறைக்கு நிலைக்கழிவு 75,000 ஆனது, விகிதங்களும் தளர்ந்தன. மனைவியின் புதிய முறை வரி 1,12,320-க்கு இறங்கியது. இரண்டாயிரமாக இருந்த வித்தியாசம் பதினெட்டாயிரம் ஆயிற்று. இதற்கு நான் பெருமை கொண்டாட முடியாது, அதிர்ஷ்டம்.

மனைவிக்கு ஜூலையில் அடிப்படை ஊதியம் 62,200, அகவிலைப்படி 53 சதவீதம். மாதம் அவர் பங்கு 9,517, அரசின் பங்கு 13,323. அந்த ஆண்டு முழுவதற்கும் அவருடையது ஏறக்குறைய 1.13 லட்சம், அரசுடையது 1.58 லட்சம். இந்த இரண்டு எண்ணையும் அவர் முதல் முறையாக ஒரு நோட்டில் எழுதி வைத்தார்.

செப்டம்பர் கடைசியில் உச்சத்தில் இருந்த பங்குச் சந்தை அதன் பிறகு இறங்க ஆரம்பித்தது. 2025 மார்ச் முதல் வாரம் ஓர் இரவு மனைவி போன் செய்தார். ஐந்து மாதப் பிடித்தம் உள்ளே போன பிறகும் கணக்கில் இருக்கும் தொகை செப்டம்பரில் பார்த்ததைவிடக் குறைவு. "முழுக்க அரசுப் பத்திரத்துக்கு மாத்திடலாமா சார்?"

ஒரு நிதியாண்டில் இரண்டு முறை மாற்றலாம், உங்களுக்கு இன்னும் ஒரு முறை பாக்கி இருக்கிறது, மாற்றுவது உங்கள் உரிமை என்றேன். அப்புறம் ஒன்று மட்டும் கேட்டேன்: இந்தப் பணத்தை எப்போது எடுக்கப் போகிறீர்கள்? 2041 என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு போனை வைத்தார். மாற்றவில்லை. 2025 நவம்பர் கடைசியில் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டியது. அதை வைத்து முடிவு சரி என்று சொல்ல மாட்டேன். அவர் கணக்குக்கு இன்னும் பதினாறு வருடம் பாக்கி இருந்தது.

கல்லூரி

தொடர் வைப்பில் 2.2 லட்சமும் வட்டியும், மார்ச்சில் என்பிஎஸ்ஸுக்குப் போகாத 50,000-மும் சேர்ந்து 2025 ஜூனில் தயாராக இருந்தது. முதல் வருடக் கட்டணமும் விடுதியும் 2,35,000. ஜிபிஎஃப்பைத் தொடவில்லை.

2025-26-க்கான கடிதத்தைக் கணவர் பிப்ரவரியிலேயே கொடுத்திருந்தார். தொகை 30,000. ஏன் 5 லட்சத்தை நிரப்பவில்லை என்று அவர் நண்பர்கள் கேட்டார்களாம். ஒரு பக்கம் முழு வரம்பையும் போட்டுவிட்டு, மறு பக்கம் அதே கணக்கிலிருந்து படிப்புக்கென்று விண்ணப்பம் எழுதி எடுப்பது வீண் அலைச்சல். வரம்பு என்பது அதற்கு மேல் போகக்கூடாது என்பதற்குத்தான். நிரப்பியே தீர வேண்டிய குறி என்று ஊழியர்கள் அதை ஏன் எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

யுபிஎஸ் கேள்வி

இதற்கிடையில் மனைவியின் பக்கம் பெரிய விஷயம் ஒன்று வந்து நின்றது. 2024 ஆகஸ்ட் 24-ல் அறிவித்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் (யுபிஎஸ்) 2025 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. 25 வருடப் பணி இருந்தால் கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் 50 சதவீதம் உறுதி, அதன் மேல் அகவிலை நிவாரணம், அவருக்குப் பிறகு குடும்பத்துக்கு அந்த ஓய்வூதியத்தில் 60 சதவீதம். விருப்பம் தெரிவிக்க முதலில் ஜூன் 30 கெடு, பிறகு செப்டம்பர் 30, கடைசியில் நவம்பர் 30.

ஆண்டுக் கணக்கில் இது என்ன செய்யும் என்று பார்த்தோம். ஊழியர் பங்கு அதே 10 சதவீதம். ஆனால் அரசு அவருடைய தனிக் கணக்கில் போடுவது 14-லிருந்து 10 ஆகும். வேறு 8.5 சதவீதம் பொதுத் தொகுப்புக்குப் போகும், அது இவர் பெயரில் நிற்காது. 2025 ஜூலை ஊதியத்தில் (64,100, அகவிலைப்படி 58 சதவீதம்) மாதம் நாலாயிரத்துச் சொச்சம் அவர் கணக்கில் குறையும். அதற்குப் பதிலாக உறுதி கிடைக்கிறது.

நான் முன்பு சொன்ன எல்சி-50-ம் இங்கே குறுக்கே வந்தது. யுபிஎஸ்ஸில் ஒவ்வொருவர் கணக்கையும், தானாக அமையும் முதலீட்டு முறையில் போட்டிருந்தால் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்ற அளவுகோலோடு ஒப்பிடுவார்கள். அதைவிடக் குறைந்தால், ஈடுகட்டாதவரை, ஓய்வூதியம் அந்த விகிதத்தில் குறையும். கூடுதலாக இருந்தால் மிச்சம் திரும்பக் கிடைக்கும். ஆகவே யுபிஎஸ் எடுப்பவர் வேறு முதலீட்டு முறையில் இருந்தால் இறக்கத்தின் பாதிப்பையும் ஏற்க வேண்டும். நடுவில் பணம் எடுத்தாலும் இதே பாதிப்பு.

என் சாய்வு யுபிஎஸ் பக்கம்தான். அவருக்கு 33 வருடப் பணி வரும், 50 சதவீதம் முழுதாகக் கிடைக்கும். அதைச் சொல்லவும் செய்தேன். அப்போதுதான் மனைவி இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்: "அறுபது வரைக்கும் நான் இருக்க மாட்டேன் சார். அம்மாவுக்கு யாரும் இல்ல. அம்பத்தஞ்சுல விஆர்எஸ் கொடுத்துடுவேன்." கணவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் அது புதுச் செய்தி.

அது கணக்கைப் புரட்டிப்போட்டது. யுபிஎஸ்ஸில் 25 வருடம் முடித்து விருப்ப ஓய்வு பெற்றாலும், உறுதியான தொகை 60 வயதாகும் தேதியிலிருந்துதான் தொடங்கும். நடுவில் ஐந்து வருடம் அதிலிருந்து எதுவும் வராது. என்பிஎஸ்ஸிலும் தேன் ஒழுகவில்லை. வெளியேறும்போது சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியை ஆயுள் ஓய்வூதியத்தில் போட்டாக வேண்டும், முழுப் பணமும் கையில் வராது. ஆனால் ஓய்வூதியம் உடனே தொடங்கும். அவருக்கு வேண்டியது அதுதான். என்பிஎஸ்ஸிலேயே இருந்துவிட்டார். யுபிஎஸ்ஸுக்குப் போனவர் என்பிஎஸ்ஸுக்குத் திரும்ப ஒரு வாய்ப்பு உண்டு, போகாதவருக்கு நவம்பர் 30-ஓடு கதவு மூடிவிடும் என்பதையும் சொன்னேன். தெரிந்துதான் முடிவெடுத்தார். நானாக இருந்தால் யுபிஎஸ் எடுத்துவிட்டு அப்புறம் யோசித்திருப்பேன்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

எத்தனை வயதில் வேலையை விட நினைக்கிறீர்கள் என்று 2024 மார்ச்சிலேயே இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டும். ஒன்றரை வருடம் 2041 என்ற எண்ணை வைத்தே பேசிக்கொண்டிருந்தேன். மார்ச் மாத போனில்கூட அவர் 2041 என்றுதான் சொன்னார், உள்ளே வேறு எண் இருந்திருக்கிறது. 55 வயது என்றால் எல்சி-50 யோசனையையே வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். தப்பு என்று சொல்லவில்லை, அந்த வயதில் பங்குப் பகுதி 10 சதவீதம்தான் இருக்கும். ஆனாலும் பேச்சின் அடிப்படையே மாறியிருக்கும்.

ஜிபிஎஃப் கடிதக் கெடுவை நான் தவறவிட்டது வெறும் கவனக்குறைவு. இப்போது யார் வந்தாலும் பிப்ரவரியிலேயே வரச் சொல்கிறேன்.

வரம்பு தாண்டிய அந்த 2.2 லட்சத்தின் வட்டியைக் கணவர் 2024-25 வருமான வரிக் கணக்கிலிருந்து காட்டி வருகிறார். முந்தைய ஆண்டுகளில் விடுபட்டதைச் சரிசெய்ய ஒரு பட்டயக் கணக்காளரிடம் அனுப்பினேன். அதை முதல் அமர்விலேயே தனியாக எடுத்து முடித்திருக்க வேண்டும், மற்ற விஷயங்களோடு சேர்ந்து ஆறு மாதம் தள்ளிப்போனது.

2026-27-க்கான ஜிபிஎஃப் கடிதம் 2026 பிப்ரவரியில் கொடுத்தாயிற்று, தொகை அதே 30,000. மனைவியின் தாயாரைப் பார்த்துக்கொள்வதற்கென்று தனியாக ஒரு தொடர் வைப்பு மாதம் 10,000 வீதம் ஜனவரியிலிருந்து ஓடுகிறது. பச்சை ஃபைலில் இப்போது முதல் தாள், இருவர் பிடித்தமும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய அந்த ஒற்றைத் தாள்தான்.